ஆளி விதை, முருங்கை, வெயில்: வீட்டுக் கோழிகளின் முட்டையில் சத்தைக் கூட்டிய ஏழு மாதப் பதிவு

எங்கள் தோட்டம் தாராபுரத்திலிருந்து சிறிது தொலைவில், அமராவதி வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்தில் இருக்கிறது. கடல் மீன் வாரத்தில் இரண்டு நாள்தான் ஐஸ் பெட்டியில் வரும். மற்ற நாட்களில் கிடைப்பது அணையில் பிடித்த ஜிலேபிக் கெண்டை. ஒன்பது வயதாகும் என் மகள், ஒருமுறை தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து எந்த மீனையும் தொடுவதில்லை, ஆனால் முட்டையை மட்டும் தினமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். சென்ற ஆண்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு வைட்டமின் டி குறைவாகவும், இரும்புச்சத்து எல்லைக்கோட்டிலும் இருப்பதாகத் தெரிந்தது. மருத்துவர் கொடுத்த மருந்தை முறையாகக் கொடுத்து முடித்தோம். அவள் விரும்பி உண்ணும் அந்த ஒரு முட்டையையே இன்னும் சத்துள்ளதாக மாற்ற முடியுமா என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. ஆவணியில் தொடங்கிப் பங்குனி வரை செய்தவற்றை, தவறியவை உட்பட, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டியிருந்தது. தீவனத்தில் போடுகிற எல்லாச் சத்தும் முட்டைக்குள் போய்ச் சேர்வதில்லை. முட்டை என்பது ஒரு குஞ்சு உருவாகத் தேவையான கட்டுச்சோறு. அதில் புரதமும் சுண்ணாம்பும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கோழியின் உடல் ஏறத்தாழ நிலையாக வைத்துக்கொள்கிறது. தீவனத்தில் அவை குறைந்தால், கோழி தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஓட்டுக்குக் கொடுக்கும், அதுவும் தீர்ந்தால் ஓடு மெலியும் அல்லது முட்டையிடுவதே நின்றுவிடும். கூடுதலாகப் போட்டாலும் முட்டையின் உள்ளே கூடாது. மாறாக, மஞ்சள் கருவின் கொழுப்பில் எந்த வகைக் கொழுப்பு அமிலம் இருக்கிறது என்பதும், வைட்டமின் ஏ, டி, ஈ, பி12, ஃபோலேட், அயோடின், செலினியம் ஆகியவற்றின் அளவும் தீவனத்தைப் பொறுத்து மாறக்கூடியவை. நான் மிகவும் எதிர்பார்த்த இரும்பு இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதையும் பாஸ்விட்டின் என்ற மஞ்சள் கருப் புரதம் இறுகப் பிடித்திருப்பதால் நம் குடல் அதில் சிறு பங்கையே உறிஞ்சுகிறது. தீவனத்தில் இரும்பைக் கொட்டி இதை மாற்ற முடியாது என்று தெரிந்தவுடன் அந்த நோக்கத்தை முட்டையிலிருந்து எடுத்துவிட்டேன். மீதி இருந்தவை இரண்டு: மீனில் கிடைக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பு, அடுத்து வைட்டமின் டி.

ஆளி விதையின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு எண்ணெய்; அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற தாவர ஒமேகா-3. அதை நாம் நேரடியாக உண்டால், மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய, மீனில் உள்ள டி.எச்.ஏ. என்ற நீண்ட வடிவமாக நம் உடல் மிகச் சிறிதளவே மாற்றும். முட்டையிடும் கோழியின் ஈரல் இந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்து, டி.எச்.ஏ.வை மஞ்சள் கருவில் கொண்டுபோய் வைக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஆளி விதையை எவ்வளவு கூட்டினாலும் முட்டைக்கு 100 மில்லிகிராமை ஒட்டி டி.எச்.ஏ. நின்றுவிடும், அதன்பின் ஏறுவது தாவர வடிவம் மட்டுமே. இந்த வரம்பை நான் முதலிலேயே மனத்தில் வாங்கியிருந்தால் முதல் இரண்டு மாதங்கள் வீணாகியிருக்காது.

என்னிடம் 24 கோழிகள் இருந்தன. பழுப்பு முட்டையிடும் கலப்பினம் 14, சிறுவிடை என்ற நாட்டுக்கோழி 10. கொட்டகையைக் கம்பி வலையால் இரண்டாகத் தடுத்து, ஒவ்வொரு அடைப்பிலும் கலப்பினம் ஏழு, சிறுவிடை ஐந்து என்று விட்டேன். ஒவ்வொன்றின் காலிலும் எண் போட்ட வளையம் மாட்டினேன். கிழக்கு அடைப்புக்கு வழக்கமான முட்டைக்கோழித் தீவனம், மேற்கு அடைப்புக்குப் புதிய கலவை. தொடக்கத்தில் இரண்டு அடைப்பிலும் நாளொன்றுக்குச் சராசரியாக ஏழு முட்டைகள் கிடைத்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடைப்பு மாறாமல் இருந்ததுதான் பின்னால் வந்த குழப்பங்களிலிருந்து என்னைக் காப்பாற்றியது. இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் நான்கு கோழிகளே வைத்திருந்தாலும் இரண்டை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கலவையில் ஆசை அதிகமாகிவிட்டது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு பச்சை ஆளி விதையைப் பொடித்துப் போட்டேன், டி.எச்.ஏ. நேரடியாகவும் கிடைக்கட்டும் என்று நான்கு பங்கு கருவாட்டுத் தூளையும் சேர்த்தேன். மூன்று வாரத்துக்கான தீவனத்தை ஒரே நாளில் அரைத்து மூட்டை கட்டி வைத்தேன். பத்து நாட்களில் எச்சம் நீர்த்து, கொட்டகைத் தரையில் போட்டிருந்த உமி ஈரமாகத் தொடங்கியது. ஆளி விதை நீர் பட்டால் வழவழப்பாகும் என்பது சமையலறையில் எல்லோரும் பார்ப்பது. அந்தக் கொழகொழப்பு கோழியின் குடலிலும் ஏற்பட்டு, தீவனம் சரியாகச் செரிக்காமல் போகிறது. பச்சை விதையில் சயனைடை வெளிவிடக்கூடிய பொருளும், வைட்டமின் பி6-க்கு எதிராக வேலை செய்யும் பொருளும் சிறிதளவு உண்டு. முட்டை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை அம்மா அவித்த முட்டையைப் பிட்டு முகர்ந்துவிட்டு, “முட்டையில கவிச்சி அடிக்குது கண்ணு, புள்ளைக்குக் குடுக்காதே” என்றார். அவர் சொன்னது சரி. மகள் இரண்டு நாட்களாகவே முட்டையைத் தட்டில் ஒதுக்கி வைத்திருந்தாள். எதற்காக இந்த வேலையைத் தொடங்கினேனோ, அதற்கே கேடு வந்துவிட்டது என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைக் கொடுத்தது.

கவிச்சி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மேலும் ஐந்து வாரங்கள் ஆயின. மூட்டையைத் திறந்து தீவனத்தை முகர்ந்தபோது பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தது. பொடித்த ஆளி விதையின் எண்ணெய் காற்றுப் பட்டால் விரைவில் சிக்கடிக்கும். அதுதான் காரணம் என்று முடிவு செய்து, புதிதாகப் பொடித்த விதையைக் கொண்டு கலவையை மாற்றினேன். வாடை குறைந்தது, போகவில்லை. பிறகு ஒவ்வொரு கோழியின் முட்டையையும் தனியாகக் குறிக்கத் தொடங்கினேன். முட்டையிடும் பெட்டியில் அமரும்போது வளைய எண்ணைப் பார்த்து, முட்டையில் பென்சிலால் எழுதி, தனித்தனியே அவித்து அம்மாவும் நானும் முகர்ந்து பார்த்தோம். சிறுவிடை முட்டை எதிலும் வாடை இல்லை. ஏழு கலப்பினக் கோழிகளில் இரண்டின் முட்டையில் மட்டும் அது கடுமையாக இருந்தது.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. மீன் தூளிலும், தீவனத்திலுள்ள கோலின் என்ற சத்தைக் குடல் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போதும் டிரைமெத்தில் அமைன் என்ற பொருள் உண்டாகிறது; மீன் வாடை என்று நாம் சொல்வது அதைத்தான். பெரும்பாலான கோழிகளின் ஈரல் அதை மணமற்றதாக மாற்றி வெளியேற்றிவிடும். பழுப்பு முட்டையிடும் சில கோழிகளில் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே வலுக் குறைந்திருப்பதால், பொருள் அப்படியே மஞ்சள் கருவில் சேர்கிறது. கடுகுப் புண்ணாக்கும் மீன் தூளும் இதைத் தூண்டும். என் இரண்டு கோழிகளும் அப்படிப்பட்டவை என்று கருதி, கருவாட்டுத் தூளை முற்றிலும் நிறுத்தினேன். பன்னிரண்டு நாட்களில் வாடை போய்விட்டது. பன்னிரண்டு நாள் ஏன் என்றால், ஒரு மஞ்சள் கரு வேகமாகப் பருத்து முழுமை அடைய எட்டு முதல் பத்து நாட்கள் ஆகும். இன்று மாற்றிய தீவனத்தின் முழுப் பலனும் அதற்கு முன்பு முட்டையில் தெரியாது. கொழுப்பு அமிலங்கள் ஒரு நிலைக்கு வர மூன்று வாரங்கள் வேண்டும். இரண்டு நாள் தீவனம் மாற்றிவிட்டு முட்டையில் முடிவைத் தேடுவது வீண் வேலை.

கார்த்திகையில் இரண்டாவது கலவைக்கு வந்தேன். இப்போதும் இதைத்தான் கொடுக்கிறேன், ஆகவே அளவுகளை முழுமையாக எழுதுகிறேன். ஐம்பது கிலோ தீவனத்துக்கு: மஞ்சள் மக்காச்சோளம் 23 கிலோ, சோயா புண்ணாக்கு 10.5 கிலோ, வறுத்துப் பொடித்த ஆளி விதை 4 கிலோ, அரிசித் தவிடு 4 கிலோ, கம்பு 2.5 கிலோ, நிழலில் உலர்த்திய முருங்கை இலைத் தூள் 1 கிலோ, கிளிஞ்சல் 4 கிலோ, டைகால்சியம் பாஸ்பேட் 750 கிராம், உப்பு 150 கிராம், முட்டைக்கோழிக்கான வைட்டமின்-தாதுக் கலவை 100 கிராம். இந்தத் தாதுக் கலவையின் அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும், பையில் அச்சிட்டிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். இவற்றோடு ஐம்பது விழுக்காடு வலிமையுள்ள வைட்டமின் ஈ தூள் 10 கிராம். என் கணக்கில் இதில் புரதம் 17 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். சுண்ணாம்பு போதாத கோழிகள் தாமே எடுத்துக்கொள்ள ஒரு தொட்டியில் கிளிஞ்சலைத் தனியாகவும் வைத்திருக்கிறேன்.

ஆளி விதை இப்போது நூற்றுக்கு எட்டுப் பங்கு; பத்தைத் தாண்டக் கூடாது என்பதை உறுதியான விதியாக வைத்துக்கொண்டேன். விதையை இரும்பு வாணலியில் இளஞ்சூட்டில், படபடவென்று வெடிக்கத் தொடங்கும்வரை வறுத்து ஆறவைத்துப் பொடிக்கிறேன். வறுப்பதால் மேலே சொன்ன தீமையான பொருட்கள் குறைகின்றன. கருக விட்டால் எண்ணெயும் கெட்டுவிடும், ஆகவே அடுப்பை விட்டு நகர முடியாத வேலை இது. நான்கு நாட்களுக்கு வேண்டியதை மட்டுமே பொடித்து, மற்றத் தீவனத்தோடு அவ்வப்போது கலக்கிறேன். வைட்டமின் ஈ எதற்கென்றால், ஒமேகா-3 மிகுந்த கொழுப்பு கோழியின் உடலுக்குள்ளும் முட்டைக்குள்ளும் எளிதில் சிக்குப்பிடிக்கும் தன்மையுடையது. அதைத் தடுப்பது இந்த வைட்டமின்தான், போகிற போக்கில் அதுவும் மஞ்சள் கருவில் சேர்ந்து நமக்கும் கிடைக்கிறது. பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாறாமல், ஒரு வாரம் நாளுக்கு நாள் பங்கைக் கூட்டிக் கொடுத்தேன். எச்சம் கெட்டியாகவே இருந்தது, முட்டையும் ஏழுக்குத் திரும்பியது.

பத்து கிராமையும் நூறு கிராமையும் ஐம்பது கிலோவுக்குள் சமமாகப் பரப்புவது எளிதன்று. நேராகக் கொட்டிக் கிளறினால் ஒரு கோழிக்கு எல்லாமும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். தூள்களை முதலில் அரைக் கிலோ தவிட்டில் கையால் பிசறி, அதை இரண்டு கிலோ தவிட்டில் கலந்து, அதைப் பத்துக் கிலோ மக்காச்சோளக் குருணையில் பரப்பி, கடைசியில் தார்ப்பாயில் கொட்டிய முழுக் குவியலை மண்வெட்டியால் நான்கு முறை இடம் மாற்றிப் புரட்டுகிறேன்.

மக்காச்சோளத்தைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் வாங்கிய ஒரு மூட்டை ஈரமாக இருந்தது. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு கைப்பிடி மக்காச்சோளமும் சிறிது தூள் உப்பும் போட்டுக் குலுக்கினேன். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் உதிர்ந்தால்தான் தானியம் காய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த மூட்டையின் அடியில் சாம்பல் பூசணம் தெரிந்ததால் அதை உரக்குழியில் கொட்டினேன். பூசணம் பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் உண்டாகும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும், சிறிதளவு முட்டைக்கும் ஈரல் கறிக்கும் வந்து சேரும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பிள்ளைக்குச் சத்துக் கூட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நஞ்சைக் கொடுத்துவிடக் கூடாது. வீட்டில் தீவனம் கலக்கிற யாரும் முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

முருங்கைத் தூளின் பலன் கண்ணுக்கு உடனே தெரிந்தது. ஐந்தாம் நாளிலிருந்து மஞ்சள் கருவின் நிறம் ஏறத் தொடங்கி, இரண்டு வாரத்தில் அடர்ந்த ஆரஞ்சு ஆனது. வெயிலில் உலர்த்திய இலையைக் கொடுத்தபோது இந்த அளவு நிறம் வரவில்லை. நிறம் தரும் பொருட்களை வெயில் அழித்துவிடுகிறது. ஆனால் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுப்பவை பெரும்பாலும் லூட்டின், சியாசாந்தின் என்ற நிறமிகள். அவை கண்ணுக்கு நல்லவை, முட்டையின் கொழுப்போடு வருவதால் கீரையில் உள்ளதைவிட எளிதாக உடலில் சேரும், ஆனால் அவை வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை. செண்டுமல்லி இதழைப் போட்டாலே கரு சிவந்துவிடும். அதனால் அந்த முட்டையில் ஒமேகா-3 கூடியிருக்கிறது என்றோ வைட்டமின் டி கூடியிருக்கிறது என்றோ ஆகாது. வெளிறிய கருவுள்ள முட்டையிலும் வைட்டமின் ஏ நிறைய இருக்கலாம், ஏனெனில் அந்த வைட்டமின் கருவின் நிறத்தைக் கூட்டுவதில்லை.

அடுத்தது வைட்டமின் டி. இறகு மூடிய பறவை வெயிலிலிருந்து எப்படி வைட்டமின் செய்யும் என்று எனக்கு ஐயம் இருந்தது. கோழிக்கு அந்த வேலை பெரும்பாலும் இறகில்லாத கால் தோலில் நடக்கிறது. வெயிலில் திரியும் கோழிகளின் முட்டையில், அடைத்து வளர்ப்பவற்றைவிட வைட்டமின் டி மூன்று நான்கு மடங்கு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பெல்லாம் பருந்துக்கும் கீரிக்கும் பயந்து மாலை நான்கு மணிக்கு மேல்தான் அடைப்பைத் திறப்பேன். அந்த நேரத்து இளவெயிலில் இதற்கு வேண்டிய கதிர் மிகக் குறைவு. இப்போது மேற்கு அடைப்புக்கு முன்னால் பழைய மீன்வலையை மேலே கட்டி, காலை ஒன்பதரை முதல் திறந்துவிடுகிறேன். வெட்டவெளியாக இருந்தால் கோழிகள் வெளியே வருவதில்லை, வாசலிலேயே நிற்கும். இரண்டு முருங்கைக் கிளைகளை நட்டு, ஓலைத் தடுக்கு ஒன்றைச் சாய்த்து வைத்த பிறகுதான் நிழலுக்கும் வெயிலுக்கும் மாறி மாறி நடந்து மேயத் தொடங்கின.

ஆனாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். சாதாரண முட்டையில் வைட்டமின் டி சுமார் 40 சர்வதேச அலகு (ஐ.யு.). மூன்று மடங்கானாலும் 120. குழந்தைக்கு நாளொன்றுக்கு 600 அலகு தேவை. ஆகவே கோழிகளைத் திறந்துவிடும் நேரத்தில், விடுமுறை நாட்களில் மகளையும் முட்டை பொறுக்க அனுப்புகிறேன்.

அயோடினையும் செலினியத்தையும் நான் தனியாகத் தொடவில்லை. அயோடின் கலந்த உப்பைப் போட்டால் போதும் என்று முதலில் நினைத்தேன். ஒரு கிலோ தீவனத்துக்கு 3 கிராம் உப்பு. அந்த உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் என்றால், தீவனத்துக்கு வருவது 0.045 மில்லிகிராம்தான். முட்டையில் அயோடினைக் கூட்ட அது போதாது. தாதுக் கலவைதான் அதைக் கொடுக்கிறது. செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறைவு. வீட்டுத் தராசில் அளந்து அதைக் கலக்க யாரும் முயலக் கூடாது.

தை மாதத்தில், இரண்டு அடைப்பிலிருந்தும் பழுப்பு முட்டைகளில் ஆறு ஆறு எடுத்து, கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொழுப்பு அமிலங்களை அளந்து வாங்கினேன். வழக்கமான தீவனம் தின்ற கிழக்கு அடைப்பின் முட்டையில் சராசரி டி.எச்.ஏ. 34 மில்லிகிராம், மேற்கு அடைப்பில் 87. தாவர ஒமேகா-3 கிழக்கில் 25, மேற்கில் 240. அறிக்கையைக் கையில் வாங்கியபோது, வாணலியின் முன் நின்ற நேரமெல்லாம் பலித்தது போல் இருந்தது. மகளின் வயதுக்கு மீனிலிருந்து வரும் ஒமேகா-3 நாளுக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வேண்டும் என்று உலக அளவிலான பரிந்துரை சொல்கிறது. இந்த முட்டை ஒன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கிறது. கடற்கரை ஊரில் இருந்தால் ஐம்பது கிராம் மத்தி இதைவிடப் பல மடங்கு கொடுத்துவிடும், அங்கே இந்த உழைப்பு தேவையில்லை. மீன் உண்ணாத வீட்டுக்கும், மீன் எட்டாத ஊருக்கும் இது பொருந்தும்.

செலவு பெரிதாக இல்லை. ஒரு கோழி நாளுக்கு நூறு கிராம் தின்றால் அதில் ஆளி விதை 8 கிராம். நான் கிலோ 110 ரூபாய்க்கு வாங்கினேன், ஆக 88 பைசா. எல்லாக் கோழியும் தினமும் இடுவதில்லை என்பதால் முட்டைக்கு ஒன்றரை ரூபாய் கூடுகிறது. இந்த முட்டைகளைப் பத்து நாட்களுக்குள், நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்து உண்டுவிடுகிறோம். எண்ணெயில் முறுகப் பொரிப்பதைவிட அவித்துக் கொடுப்பது அந்தக் கொழுப்புக்கு நல்லது.

கறிக்கு வளர்த்த ஆறு சேவல்களுக்கும் கடைசி நான்கு வாரம் ஐந்து விழுக்காடு ஆளி விதைத் தீவனம் கொடுத்துப் பார்த்தேன். இதை நான் தொடரப் போவதில்லை. கறியில் கொழுப்பு தொடையிலும் தோலிலும்தான் இருக்கிறது. திரிந்து மேய்ந்த நாட்டுச் சேவலின் உடலில் கொழுப்பே குறைவு, அதில் சேரும் ஒமேகா-3 பெரும்பாலும் தாவர வடிவம். செலவுக்கு ஏற்ற பலன் இல்லை. ஆனால் இரும்புக்கு விடை அங்கேதான் கிடைத்தது. நூறு கிராம் கோழி ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, முட்டையிலுள்ளதைவிட எளிதாக உடலில் சேரும். பூசணம் இல்லாத தீவனம் தின்ற கோழியின் ஈரல் என்ற நம்பிக்கையோடு, வாரம் ஒருமுறை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு அம்மா அவளுக்கு வறுத்துக் கொடுக்கிறார். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் அதற்கு மேல் கொடுப்பதில்லை; கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணவும் கூடாது. மாசியில் எடுத்த பரிசோதனையில் மகளுக்கு வைட்டமின் டி, இரும்பு இரண்டும் சரியான அளவில் இருந்தன. அதில் மருந்துக்கு உரிய பங்கே பெரியது.

பங்குனி வெயிலில் கோழிகள் தீவனத்தைக் குறைத்துவிட்டன. நூறு கிராம் தின்றவை எண்பதில் நின்றன, அதனால் உள்ளே போகும் ஆளி விதையும் குறைந்தது. விதையின் பங்கைக் கூட்டாமல், தீவனம் வைக்கும் நேரத்தை விடியற்காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்துக்கும் மாற்றி, கொட்டகைக் கூரையில் தென்னங்கீற்றைப் போட்டு நனைத்து வருகிறேன். நேற்று தீவனத் தொட்டியை நிறுத்துப் பார்த்தபோது கோழிக்குத் தொண்ணூறு கிராம் வந்திருந்தது.